மேனேஜர் எப்படி வெளியே வந்தது

என் கட்டெறும்புக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பிளாஸ்டிக் டப்பாவில் அந்த டரான்டுலா சிலந்தியை நீ வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றே, இது ஒருநாள் காணாமல் போகும், பதினோராம் நாள் அகப்படும், கடைசியில் உன் சித்தி தலையில்தான் விடியும் என்று கிழமை உட்படச் சொன்னேன், யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மற்றபடி இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, சித்தியின் வலது கண் சிவப்பு பாதிக்கு மேல் வாங்கிவிட்டது, நீ அங்கே குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம், சித்தி பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

நீ கேட்டது ஒரே கேள்வி. மேனேஜர் தானாக வெளியே வந்ததா, நம் கவனக்குறைவா, அதைச் சரியாக எழுதுங்கள் சித்தப்பா, தானாக வந்திருந்தால் கொடுத்துவிடலாம், இல்லையென்றால் நான் திரும்பி வரும்வரை எப்படியாவது வைத்திருங்கள் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா தவறிப்போன வருஷம் நீ வாயே திறக்காமல் அந்தக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை, நாள் முழுக்க மூலையில் அசையாமல் இருந்தே எல்லாரையும் பயமுறுத்துகிறது என்று அதற்கு மேனேஜர் என்று நான் பேர் வைத்தபோதுதான் நீ முதலில் சிரித்தாய், ஆகையால் இது எனக்கு லேசான விஷயம் இல்லை. ஆனால் ஒன்றாம் தேதி உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு மூன்று மாதத்துக்கு வருகிறார்கள், குழந்தை இப்போது தவழ்கிறாள், தரையில் கிடப்பது எதுவானாலும் நேராக வாய்க்குப் போகிறதாம்.

நடந்ததைக் கேள். இருபத்தெட்டு வருஷமாக நான் லிப்ட் மெக்கானிக், கதவு பூட்டாமல் ஒரு லிப்ட்டும் அசையாது, அப்படிப் பழகிய கை தொட்டி மூடிக்குப் போட்ட கொக்கி அது. போதாததற்கு மூடிமேல் மூன்று கிலோ பழைய பேரிங் ஒன்றையும் தூக்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால் பேரிங் தரையில் கிடக்கிறது, மூடி ஒரு விரல் அளவு விலகியிருக்கிறது. எட்டுக் காலையும் கண்ணாடியில் ஊன்றி முதுகால் நெம்பியிருக்க வேண்டும், காலுக்கு ஒரு மூளை என்று எங்கேயோ படித்திருக்கிறேன், எட்டாம் வகுப்பிலேயே இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அதற்கப்புறம் பதினோரு நாள் இந்த வீட்டை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு இடத்திலும் இல்லாத பூச்சி வீடு முழுக்க இருந்தது. செருப்பைத் தட்டாமல் யாரும் காலை விடவில்லை, சட்டையை மூன்று தரம் உதறித்தான் போட்டோம், சித்தி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே காய் நறுக்கினாள், ஏங்க, உங்க மேனேஜர் லீவுல போயிட்டாரா, இல்ல வீட்டையே எழுதி வாங்கிட்டாரா என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், காலை மட்டும் கீழே இறக்கவில்லை. சத்தமே இல்லாத ஒன்றைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது. பதினோராம் நாள் காலை, குழந்தைக்கு விரிப்புத் தைக்கலாம் என்று துணிக்கூடையில் கை விட்டாள். கடிக்கவில்லை, பின்னங்காலால் வயிற்று ரோமத்தை உதறியது, அந்த முடி கையில் ஒட்டியது தெரியாமல் இவள் கண்ணைத் தேய்த்துவிட்டாள். கண் டாக்டர், பூனை வளக்கிறீங்களாம்மா என்று கேட்க, இல்ல டாக்டர், மேனேஜர் வளக்கிறோம் என்றாளாம். ஊசியைவிடச் சன்னமான ஏழு முடியை எடுத்துவிட்டு, இதே குழந்தைக் கண்ணா இருந்தா என்று ஆரம்பித்து அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேனேஜரைத் தொட்டியில் போட்டு, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஓய்ந்தபாடில்லை. நேற்று லிப்ட் குழிக்குள் நிற்கும்போது பிடரியில் ஒரு நூல் பட்டது, நான் போட்ட சத்தத்தில் நாலு மாடி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கூடைக்குள் போனது சித்தியின் கை, என் கண்ணாலேயே பார்த்தேன், நினைத்துப் பார்த்தால் மட்டும் அது ஒவ்வொரு தரமும் சின்னக் கையாகவே தெரிகிறது.

மிருக டாக்டர் வந்து பார்த்தார், அவரிடமே இந்த ஜாதியில் மூன்று இருக்கின்றன. தேடிப் போய்க் கடிக்கிறது இல்லைங்க இது, கை உயரத்துல இருந்து விழுந்தாலே வயிறு வெடிச்சுச் செத்துடும், அதுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி என்றார். கொக்கியை இரண்டு தரம் போட்டுப் போட்டு எடுத்தார், என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போகத் தயார், உன் சம்மதம் வேண்டும் என்கிறார்.

நீ நூறு வயசு இருக்கணும், வேலையில் பேர் எடுக்கணும், காய்ச்சல் மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். இந்த வரியோடு கையெழுத்துப் போடலாம் என்றுதான் பார்த்தேன், நீ கேட்டது அந்த ஒரே கேள்வி, அதற்கே நான் கதை விட்டிருக்கிறேன். பேரிங் என்று ஒன்று கிடையாது. அன்றைக்கு என் கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் வந்திருந்தார்கள், தைரியத்தைக் காட்ட மேனேஜரை முழங்கையில் நடக்க விட்டேன், உள்ளே விட்டு மூடியைத் தள்ளிவிட்டு, கைதட்டலைக் கேட்டுக்கொண்டே காபி குடிக்கப் போய்விட்டேன், கொக்கி போடவில்லை. இதைப் படித்ததும் அப்படியானால் வைத்துக்கொள்ளலாமே என்று எழுதுவாய். வேண்டாம் கண்ணு. கொக்கி நல்ல கொக்கிதான், ஆள் வந்தால் நான் மறுபடியும் திறப்பேன், பேத்தி சிரிப்பாள் என்று தெரிந்தால் கட்டாயம் திறப்பேன். டாக்டரிடமே போகட்டும், சரி என்று ஒரு வரி எழுது. சித்தியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

உன் சித்தப்பா