வலது பக்கம் பாருங்க

மண்ணுக்குள் போனபிறகும் என் பொய்யையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் என் சேகர் மச்சானுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால், ‘இவன் ஏதோ தப்பு பண்ணியிருக்கான்’ என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். ஆமாம் மச்சான், பண்ணித்தான் இருக்கிறேன்.

முதலில் ஊர் சேதி. நம் திருத்தணி இப்போது சென்னைக்குப் புறநகராம்! யார் சொன்னது என்று கேட்காதே, நான்தான். மனை விற்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஞாயிறு காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களை வேனில் ஏற்றி, வழியெல்லாம் ஊரின் பெருமையைச் சொல்லிக்கொண்டு போவது என் பிழைப்பு. பக்கத்திலேயே அரக்கோணம் ஜங்ஷன், எந்த ஊருக்கும் வண்டி உண்டு என்பேன். எட்டிப் பார்த்தால் ஆந்திரா, திருப்பதிக்கு பஸ் ஓயாது என்பேன். ஆர்.கே.பேட்டை பக்கம் போனால் தறிக்காரர் வீட்டிலேயே சேலை எடுக்கலாம் என்பேன். ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போவதையும், சித்திரையில் இந்தப் பாறையெல்லாம் சேர்ந்து நம்மை வறுத்து எடுப்பதையும் வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டேன். அதே ரயிலில் அரக்கோணம் போய் மூட்டை தூக்கியவன் நீ. கேட்டால் சிரிப்பாய்.

நான் சொல்லாமல் விடுகிற இன்னொன்றும் இருக்கிறது. அது நீதான்.

மனைகளுக்குப் போகும் சாலை, உன்னைப் புதைத்த சுடுகாட்டை ஒட்டித்தான் போகிறது. சுடுகாட்டைப் பார்த்துவிட்டு யார் மனை வாங்குவார்கள்? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏரிக்கரை தாண்டியதும் வேனில் எழுந்து நின்றுகொள்வேன்.

“எல்லாரும் வலது பக்கம் பாருங்க! அதோ முருகரு மலை! கண்ண மூடி வேண்டிக்கினு கன்னத்துல போட்டுக்கோங்க, நெனச்சது நடக்கும்!”

மொத்த வேனும் வலது பக்கம் திரும்பும். ‘அரோகரா’ என்பார்கள், கண்ணை மூடுவார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். திறப்பதற்குள் இடது பக்கம் சுடுகாடு தாண்டிப் போயிருக்கும். நானும் வலது பக்கம்தான் பார்ப்பேன். ஆபீசில் என் மூளையை மெச்சினார்கள். நீயோ உயிரோடு இருந்தபோதே ஒருநாள் கேட்டாய், “பொய் சொல்லும்போது மட்டும் எப்டிடா ஒனக்கு முருகன் ஞாபகம் வந்துடறாரு?” என்று.

போன மாதம் உன் மகள் சுகுணா போன் பண்ணினாள். அம்பத்தூரில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள்.

“மாமா, நைனாவுக்குப் பக்கத்துலயே ஒரு மனை இருந்தா பாருங்க மாமா. சின்னதா இருந்தாலும் போதும்.”

“ஆங், இருக்குதும்மா. ஞாயித்துக்கெழம வா.”

வந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஏரிக்கரை தாண்டியது. அவள் இருக்கிறாளே என்ற நினைப்பு எனக்கு வரவேண்டாமா? பழக்கதோஷம், எழுந்து நின்று அதே பாட்டைப் பாடினேன். எல்லோரும் வலது பக்கம் திரும்பினார்கள். அவள் மட்டும் இடது பக்க ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“மாமா, நைனா இந்தப் பக்கம் கீறாரு.”

பின்சீட்டுக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். “யாரும்மா நைனா? இன்னா சார் அது, சுடுகாடா?”

“பழைய எடம் சார். இப்பல்லாம் அங்க யாரையும் பொதைக்கறதில்ல” என்றேன்.

என் நாக்கு அழுக வேண்டாமா மச்சான்? உன் பாடையைத் தோளில் சுமந்து அங்கே கொண்டுபோனவன் நான். உன்மேல் மூன்று கை மண் போட்டவன் நான். அது அவளுக்கும் தெரியும்.

மனைக்குப் போய் இறங்கியதும் எல்லோரும் எல்லைக்கல்லைப் பார்க்க, அவள் மட்டும் வந்த வழியே திரும்பி நடந்தாள். உன் தலைமாட்டில் ஒரு நந்தியாவட்டைச் செடி இருக்கிறதே, பாட்டில் தண்ணீர் முழுவதையும் அதற்கு ஊற்றினாள். நான் நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. நான் போகவில்லை. மூலை மனைக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம் என்று ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் மனை பார்க்க வந்தவர்களில், உனக்காகவே இந்த இடத்தைக் கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். அவளிடமும் உன்னை மறைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஸ்டேஷனில் இறங்கும்போது, “வரேன் சார்” என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து மாமா, மாமா என்று கூப்பிட்ட வாய் அது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீயாவது என்னைத் திட்டுவாயா?

வரும் ஞாயிறு சுகுணாவை மறுபடி வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். வருவாளோ மாட்டாளோ, வேனை உன் பக்கத்தில் நிறுத்துவேன். “எல்லாரும் இடது பக்கம் பாருங்க, இது எங்க ஊர் சுடுகாடு, இங்க என் மச்சான் கீறான்” என்று அதே குரலில் சொல்வேன். மனை விற்றாலும் சரி, அத்தனை பேரும் அடுத்த ரயிலைப் பிடித்து ஓடினாலும் சரி. இறங்கி வந்து உன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மலையைப் பார்த்துக் கும்பிடுவேன். இது சத்தியம். இந்த முறை முருகனை இழுக்கவில்லை, கவனித்தாயா?

இப்படிக்கு,
உன் பிள்ளை வாயால் மறுபடி ‘மாமா’ என்று கேட்கக் காத்திருக்கும்
உன் மச்சான் ரவி