கைசரின் மாத்திரை

மட்டாஞ்சேரி
ஜூலை 2004

அன்புள்ள செண்பகம்,

இந்த வாரம் முழுக்கக் கைசர் ஊளையிடவில்லை. இதை நான் சொல்லவில்லை. "நாயை விடு, இல்லேன்னா வீட்டை விடு" என்றிருந்த மேல்மாடி சரோஜம்மாவே இன்று காலை சொன்னார்: "செத்துப்போச்சோன்னு எட்டிப் பாத்தேன் கேட்டோ. ஜம்முன்னு கெடக்கு. இங்கேயே இருக்கட்டும்."

நீ மஸ்கட் போனதிலிருந்து அது வாசலிலேயே கிடந்து முன்னங்காலைக் கடித்துப் புண்ணாக்கியதை உனக்கு எழுதவில்லை. பிரிவு தாங்காமல்தான் இப்படி என்றார் மிருக டாக்டர். மனச்சோர்வுக்கு மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையையே அளவு குறைத்து எழுதினார். இப்போது கால் ஆறிவிட்டது.

சீட்டில் என் பெயர் இருந்தது. மருந்துக்கடை சோனியா, "சேட்டனுக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். நாய்க்கு மனவருத்தம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையாட்டிவிட்டேன்.

மறுநாளே தெரு மொத்தமும் என்னிடம் மெதுவாகப் பேசியது. மீன்காரர் ஒச்சப்பன், "விஷமிக்கண்டா அண்ணாச்சி, வருத்தப்படாதீங்க, அவ வந்துருவா" என்று இரண்டு மத்தி கூடுதலாகப் போட்டார். அந்த மீனுக்குள் வைத்துத்தான் கைசருக்கு மாத்திரை கொடுக்கிறேன். உனக்கும் யாராவது போன் செய்து சொல்லியிருந்தால் நம்பாதே, நான் நன்றாக இருக்கிறேன். தெருவில் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டர் ஓணம் கழிந்து பார்த்துச் சொல்வார். அதற்குள் உனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டார், கைசருக்காகத்தான். விசாரித்து எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்