பெயர் எழுதாத குப்பி

இன்று காலை ஆய்வகக் கதவைத் திறந்ததும் கிருமிநாசினி வாசனை மூக்கில் ஏறியது. அடுத்த வாரம் தரச் சான்றிதழுக்காகப் பார்வையிட வருகிறார்கள். அதனால் தரை, மேசை, கதவுக் கைப்பிடி என்று ஒன்று விடாமல் துடைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு இந்த வாசனை வந்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு உன் ஞாபகமும் கொஞ்சம் கோபமும் வரும்.

நீ லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் நான் அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து, பெரம்பலூரின் இந்தச் சின்ன ஆய்வகத்தில் ஒரே மேசையில் ஆறு வருஷம் வேலை பார்த்தோம். சிறுநீர், சளி, சீழ் எது வந்தாலும் அதில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்த்துச் சொல்வது நம் வேலை. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னும் பின்னும் மேசையைத் துடைக்க வேண்டும். என் இடத்தையும் சேர்த்து நீயே துடைப்பாய். நான் துடைப்பதில் உனக்கு நம்பிக்கை கிடையாது.

ஒரு நாள் "பக்கத்து வூட்டுப் பொண்ணோடது, பேரு போட வேணாம், நம்பர் மட்டும் போடு" என்று சிறுநீர்ப் புட்டி ஒன்றையும், பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரியையும் கொண்டுவந்தாய். சிறுநீரில் தொற்று இருந்தது. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பஞ்சுக் குச்சியைத் தேய்த்த கண்ணாடிச் சில்லில்தான் ஆச்சரியம் காத்திருந்தது. இளவயதுப் பெண்ணுக்கு நீள நீளக் குச்சி வடிவப் பாக்டீரியாக்கள் ஏராளமாகத் தெரிய வேண்டும். அந்த இடத்துக்கு அவைதான் காவல். வேண்டாத கிருமி குடியேறாமல் பார்த்துக்கொள்பவை. அந்தச் சில்லில் ஒன்றுகூட இல்லை.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே நான் சொன்னேன்: "இந்தப் பொண்ணு எதையோ ஊத்தி ஊத்திக் கழுவுது. நல்லது பூரா செத்துப் போச்சு. யாருடி இது, இவ்ளோ சுத்தக்காரி?"

நீ கை கழுவும் தொட்டியருகே நின்றிருந்தாய். குழாயை மூடிவிட்டுச் சொன்னாய்: "காலைல ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. நாந்தான்."

வெளிநாட்டிலிருந்து உன் கணவர் லீவில் வரும்போதெல்லாம் உனக்குத் தொற்று வந்திருக்கிறது. எரிச்சல், காய்ச்சல், மாத்திரை. அவர் திரும்பிப் போனதும் சரியாகிவிடும். அடுத்த லீவில் மறுபடி. அழுக்குதான் காரணம் என்று நீயாக முடிவுகட்டி, நம் மேசைக்கு வாங்கும் அதே கிருமிநாசினியை வீட்டுக்கும் வாங்கிவிட்டாய். நுண்ணுயிரியல் படித்த ஒருத்தி செய்கிற காரியமா என்று கேட்டேன். நம்மை மாதிரி நாள் முழுக்கத் துடைப்பவள்தான் இப்படிச் செய்வாள் என்று இப்போது தோன்றுகிறது.

"மச்சான் கிட்ட வந்தா நான் ஒதுங்குறேன்னு நெனைக்கிறாரு. மாமி அவருக்கு வேற பொண்ணு பாக்கலாமான்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க" என்றாய். அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். எவ்வளவு நேரம் துடைத்தாய் என்று எனக்கு நினைவிருக்கிறது.

டவுனில் இருந்த டாக்டரம்மாவிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவர் கொடுத்த மாத்திரையை ஒரு வேளை விடாமல் முடித்தாய். மூடிக் கணக்கையும் நிறுத்தினாய். பிறகு வாரம் ஒரு சில்லு. முதல் இரண்டு வாரம் வெறும் வெளி. மூன்றாம் வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஆறாம் வாரம் குச்சிகள் சில்லை நிறைத்திருந்தன. "வந்துட்டாங்கடி" என்றாய், கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரர்கள் திரும்பி வந்ததைப் போல.

எனக்கு அதோடு விட மனம் வரவில்லை. உன் பாக்டீரியாவை வளர்த்து, அது வளர்ந்த நீரை வடித்து, உன் பழைய தொற்றுக் கிருமியைப் பரப்பிய தட்டில் ஒரு குழி போட்டு அதில் ஊற்றினேன். மறுநாள் குழியைச் சுற்றி ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் கிருமி வளராத வட்டம். நான் துள்ளாத குறை.

நீ தட்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாய்: "புளிப்பக் கழிச்சியா?"

மறந்திருந்தேன். இந்தப் பாக்டீரியாக்கள் அமிலம் விடும். அந்தப் புளிப்பே பாதிக் கிருமியை அடக்கிவிடும். அதற்கு மேலும் தனியாக ஒரு கிருமிக்கொல்லிப் பொருள் இருக்கிறதா என்று அறிய, புளிப்பைச் சமன்செய்த பிறகு பார்க்க வேண்டும். நீயே காரம் சொட்டு சொட்டாக விட்டு, புளிப்பைக் காட்டும் தாளின் நிறம் பார்த்து, மறுபடி ஊற்றினாய். அடுத்த நாள் வட்டம் சுருங்கி நகக்கண் அகலத்தில் நின்றது. என் முகம் விழுந்துவிட்டது.

"மூஞ்சத் தூக்காத. புளிப்பும் நம்மளோடதுதான். ஆனா அது போனப்புறமும் ஒண்ணு நிக்குது பாரு, இதச் சொன்னா யாரும் மறுக்க முடியாது."

உன் பாக்டீரியாவில் கொஞ்சத்தைக் கிளிசரினோடு குப்பியில் அடைத்து உறைபெட்டியில் வைத்தேன். எண் மட்டும் எழுதினேன். "எம் பேர எங்கயும் எழுதிடாத, சத்தியம் பண்ணு" என்றாய். செய்தேன். அடுத்த லீவு முடிந்து உன் கணவர் விமானம் ஏறிய மறுநாள், டீ கிளாஸை என்னிடம் நீட்டிக்கொண்டே, "இந்தத் தடவ ஒண்ணுமில்லடி. மச்சான்கிட்டயும் எல்லாத்தயும் சொல்லிட்டேன்" என்றாய். அன்று மேசையில் உன் பக்கத்தையும் நான்தான் துடைத்தேன். நீ குறை சொல்லவில்லை.

உன்னைக் கொண்டுபோனது இதில் எதுவும் இல்லை. போன வருஷம் ஒரு மதியம், மூளையில் ரத்தக் கசிவு. உன் வீட்டுக்கு நான் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். உன் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மவன விட அவதான் எனக்கு" என்றார். வேறு பெண் பார்க்கலாமா என்று பேசிய கதையை அவர் மறந்திருந்தார். நானும் நினைவுபடுத்தவில்லை.

இன்று உறைபெட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள். மாதிரி கொடுத்தவர் பெயர் இல்லாத குப்பி எதுவும் இருக்கக் கூடாது, கிருமி அழிக்கும் நீராவிக் கலனில் போட்டு அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. உன் குப்பியைக் கையில் எடுத்தேன். வருஷா வருஷம் அதிலிருந்து ஒரு துளி எடுத்து வளர்த்துப் பார்க்கிறேன். உயிரோடுதான் இருக்கிறது. புளிப்பைக் கழித்த பின்னும் அதே நகக்கண் வட்டம். இந்த மண்ணில் உன் உடம்பில் இருந்ததென்று உயிரோடு மிச்சமிருப்பது எனக்குத் தெரிந்து அது மட்டும்தான். உன் பெயரை எழுதினால் வாக்குத் தவறும். எழுதாவிட்டால் அது சாகும்.

பொய்யான பதிவைக் கண்டால் நீ எகிறுவாய் என்று தெரியும். ஆனால் நீயும் பக்கத்து வீட்டுப் பெண்ணாகத்தானே இங்கே வந்தாய். பதிவேட்டில் 'மாதிரி கொடுத்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு, குப்பியை மறுபடி உறைபெட்டிக்குள் வைத்தேன்.