கையெழுத்துப் போடாதவன்

பிப்ரவரி 5, திங்கள்

எனக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

போன ஜூனில் டோனிங்டன் சாலையில் முப்பத்தாறு மைல் வேகத்தில் போனேன். முப்பது என்று சொல்லும் பலகையை முட்செடி முழுதாக மூடியிருந்தது. கேமராவை மட்டும் எந்தச் செடியும் மூடவில்லை. ஓட்டியது யார் என்று கேட்டு காவல்துறை ஒரு படிவம் அனுப்பியது. நான் மறைக்கவில்லை. டெஸ்மண்ட் டாஸ்கர், நான்தான் என்று எழுதினேன். பலகையைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் மூன்று பக்கம் இணைத்தேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. கையெழுத்து என்றால் சம்மதம். எனக்குச் சம்மதமில்லை. கையெழுத்து இல்லை என்று படிவம் திரும்பி வந்தது. நான்காவது பக்கம் சேர்த்து மறுபடி அனுப்பினேன்.

நவம்பரில் தீர்ப்பு வந்தது. கையெழுத்தில்லாத படிவம் செல்லாதாம், அதனால் நான் ஓட்டியது யார் என்ற தகவலைத் தராதவன். அபராதம், லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளி, பக்கத்தில் எம்.எஸ். 90 என்று ஒரு குறி.

முப்பத்தொரு வருடம் என்னிடம் பணம் வாங்கிய இன்சூரன்ஸ் கம்பெனி இன்று எழுதியிருக்கிறது: புதுப்பிக்க இயலாது. மாதக் கடைசியோடு முடிகிறது. என் மனைவி நோரீனுக்குத் திங்கள், புதன், வெள்ளி பக்கத்து நகரமான பாஸ்டனில் டயாலிசிஸ். இந்த ஊரில் பஸ் நின்று ஆறு வருடமாகிறது.

நோரீன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். "ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா வேகமா ஓட்டினவங்களுக்கு வைக்கிற அரை நாள் வகுப்புல உக்காந்துட்டு வந்திருப்ப. புள்ளியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"அங்க பாடம் எடுக்கிறவனுக்கு என் பூட்ஸ் வயசுகூட இருக்காது."

"அப்ப பூட்ஸையே அனுப்பியிருக்கலாம். உன்னைவிட அது சொன்ன பேச்சு கேக்கும்."

பிப்ரவரி 6, செவ்வாய்

கம்ப்யூட்டரில் விலை ஒப்பிடும் தளம். தண்டனை இல்லை என்று வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு கம்பெனி வரிசையில் நின்றது. குறியைப் போட்டதும் இரண்டுதான் மிச்சம். மலிவானது கேட்கும் தொகையில் இதே போல இன்னொரு கார் வாங்கலாம்.

பிப்ரவரி 8, வியாழன்

தொலைபேசியில் ஐம்பது நிமிடம் பியானோ கேட்டேன். ஆள் வரவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

தண்டனை பெற்ற ஓட்டுநர்களுக்கென்றே ஒரு கம்பெனியாம். பேசியவனுக்குக் குரல்கூட இன்னும் உடையவில்லை.

"குடிச்சிட்டு ஓட்டினீங்களா சார்?"

"இல்ல."

"யாரையாவது இடிச்சிட்டீங்களா?"

"இல்ல. கையெழுத்துப் போடல."

கீபோர்டில் தட்டித் தேடும் சத்தம். "அது என் லிஸ்ட்ல இல்லையே சார்."

பிறகு காருக்குள் ஒரு பெட்டி வைக்கச் சொன்னான். நான் எப்போது கிளம்புகிறேன், எப்படி பிரேக் போடுகிறேன் என்றெல்லாம் அது கவனித்துச் சொல்லுமாம். அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருத்தி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு வைத்தான். முதல் உதவியே வரவில்லை, இதில் வேறு உதவியாம்.

நாற்பது வருடம் வாய்க்கால் வாரியத்தில் பம்பு ஓட்டியவன் நான். பம்பு ஓடும் நேரத்தில், நூலக வண்டி கொண்டுவந்த சட்டப் புத்தகங்களை எல்லாம் படித்தேன். இவர்கள் எதைப் படித்தார்கள்?

பிப்ரவரி 11, ஞாயிறு

மகள் லின்னும் அவள் புருஷன் கிரேகும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அவன் சமையலறை அலமாரி விற்கிறவன். எதையும் விற்பான்.

"டெஸ், சுலபமான வழி ஒண்ணு இருக்கு. இன்சூரன்ஸை என் பேர்ல எடுத்துருவோம். முக்கியமா ஓட்டுறது நான், எப்பவாவது ஓட்டுறது நீங்க. அவ்வளவுதான்."

"வாரத்துல மூணு நாள் எப்பவாவதா?"

"யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா? எல்லாரும் பண்றதுதான்."

ஓட்டாதவன் ஓட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் விலை குறையும். ஓட்டியவன் ஓட்டினேன் என்று எழுதினால் ஆறு புள்ளி. இந்த நாடு இப்படித்தான் நடக்கிறது. கிரேகை மேஜையை விட்டு எழுந்திருக்கச் சொல்ல நினைத்தேன். அதற்குள் கடைசி உருளைக்கிழங்கையும் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

பிப்ரவரி 14, புதன்

நோரீன் காதலர் தின வாழ்த்து அட்டை கொடுத்தாள். உள்ளே பெயர் இல்லை. "கையெழுத்துப் போடல. எனக்குச் சம்மதமில்ல" என்றாள். டயாலிசிஸ் முடிகிற வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 21, புதன்

மார்ச்சில் எப்படியும் மருத்துவமனை வேன்தானே, இப்போதே பழகிக்கொள்கிறேன் என்று அவளே ஏற்பாடு செய்துவிட்டாள். காலை ஆறுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். டயாலிசிஸ் பன்னிரண்டுக்கு முடிந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். அவளுக்கு முன்னால் நாலு பேரை நாலு ஊரில் இறக்கினார்களாம். உதடு சாம்பல் நிறம். கோட்டில் வாந்தி. வேன் ஓட்டியவன் நல்லவன்தான், கைத்தாங்கலாக வாசல் வரை கொண்டுவந்து விட்டான்.

"உனக்கு நல்லா வேணும்" என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 22, வியாழன்

ஸ்பால்டிங்கில் செருப்புக் கடை மாடியில் ஓர் இன்சூரன்ஸ் தரகர். திருமதி பாக்லிங்டன். மேஜை முழுக்க பிஸ்கட் தூள், ஃபைல்களுக்கு நடுவில் ஒரு பூனை. இறங்கிப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

குறியைச் சொன்னேன். குடித்தீர்களா, இடித்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. "அந்தக் கடிதத்தோட நகல் இருக்கா?" என்றாள். நாலு பக்கமும் படித்தாள். இதுவரை நீதிபதிகூட அதைப் படிக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க, மிஸ்டர் டாஸ்கர். செடியைப் பத்தின பகுதி பிரமாதம். ஆனா இந்தக் குறியைப் பார்த்தா அவங்க என்ன நினைப்பாங்கன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"என்ன?"

"ஓட்டினது யாருன்னு மறைச்ச ஆள். பெண்டாட்டி தலையிலயோ மகன் தலையிலயோ கட்டப் பார்த்த ஆள்."

"முதல் பக்கத்துலயே நான்தான்னு எழுதியிருக்கேனே!"

"எழுதியிருக்கீங்க. யார் எழுதினதுன்னுதான் தெரியல."

கடிதத்தைத் திருப்பி நாலாம் பக்கத்தின் அடியைப் பார்த்தேன். பூனை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாரிச்சில் ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறதாம்; அங்கே இன்னும் மனிதர்கள் காகிதம் படிக்கிறார்களாம். அனுப்பிப் பார்க்கிறேன் என்றாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

நாரிச் சம்மதித்துவிட்டது. போன வருடத்தைவிடப் பாதி அதிகம். அநியாயம்தான், ஆனால் கட்ட முடிகிற அநியாயம். நிபந்தனை ஒன்று. விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து, உறுதிமொழியில் ஒரு கையெழுத்து, மூன்றாவது அதே கடிதத்தில், நாலாம் பக்கத்தின் அடியில். திருமதி பாக்லிங்டன் மூன்று இடத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறாள், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவதுபோல.

பிப்ரவரி 28, புதன்

இன்று காரில்தான் போய் வந்தோம். காகிதங்கள் மேஜைமேல் அப்படியே கிடக்கின்றன. இப்போது போட்டால், அன்றே போட்டிருக்கலாம் என்றுதானே அர்த்தம்? நான் ஏன் போட வேண்டும்? நோரீன் அவற்றின்மேல் படாமல் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைக்கிறாள்.

பிப்ரவரி 29, வியாழன்

செய்ய வேண்டியவை. யார் யார் என்றும் எழுதுகிறேன்.

சாலைத் துறை: டோனிங்டன் சாலை முட்செடியை வெட்ட வேண்டும். ஐந்தாவது முறையாக எழுதுகிறேன்.

காவல்துறை: கையெழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மனிதன் படிக்கிற அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிகள்: குறியைப் படிக்கும் முன் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

பஸ் கம்பெனி: வெட்கப்பட வேண்டும்.

கிரேக்: என் ஏணியைத் திருப்பித் தர வேண்டும்.

திருமதி பாக்லிங்டன்: இன்று மூன்று மணிக்கு நான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்த காகிதங்களில் மூன்று கையெழுத்துக்கும் அடியில் தெரியும் பென்சில் குறிகளை அழித்துவிட்டு நாரிச்சுக்கு இன்றே அனுப்ப வேண்டும்.

நோரீன்: நாளை எட்டரைக்குக் கோட்டும் கம்பளியுமாக வாசலில் நிற்க வேண்டும். கார் வந்துவிடும். வழியில் சிரிக்கக் கூடாது.