மாமரத்தடியில் ஒரு துண்டுக் கொல்லிமலை

இன்று காலை மழை விட்டதும் கொல்லைக் கதவைத் திறந்தேன். மாமரத்தடிக் கற்களிலிருந்து ஈரப் பாசியின் வாசனை வந்தது. குனிந்து பார்த்தால் கல்லிடுக்கில், நீ கொண்டுவந்த செடியில் ஐந்து ரோஜா நிறப் பூக்கள். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

கொல்லிமலைக்குப் போய்த் திரும்பிய நீ, தென்னூரில் உன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஸ்ரீரங்கம் வந்தாய். டிபன் டப்பாவுக்குள் ஈரத்துணி, அதற்குள் ஒரு சின்னக் கிழங்கும் இரண்டு இலைகளும். நிழல் பாறையில் ஒட்டி வளர்கிற செடி. பெயர் உனக்கும் தெரியாது.

"திருச்சி வெயில்ல ஒரு வாரம் தாங்காது" என்றேன்.

"நீ எழுபது வருஷமாத் தாங்கலையாடி?"

இருவருமாகக் கற்களைச் சேர்த்தோம். நான் அவற்றை உயரவாரியாக நிறுத்தினேன். நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாய். "இது என்ன, ஸ்கூல் அசெம்பிளியா? மலையில கல்லு வரிசையிலயா நிக்குது?" எல்லாவற்றையும் கலைத்து, ஒவ்வொரு கல்லையும் பாதி புதைத்து, மழைத்தண்ணீர் வேருக்கு ஓடும்படி உள்பக்கமாகச் சாய்த்து வைத்தாய். எனக்குக் கண் உறுத்தியது. செடிக்குப் பிடித்துப்போயிற்று.

பங்குனியில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. நான் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். தண்டும் காய்ந்து விழுந்தது. கான்வென்ட்டில் அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு என்னுடையது. என் பக்கத்து பெஞ்சிலிருந்து நீயே பார்த்திருக்கிறாய். அப்படிப்பட்ட நான், உன் செடியைக் கொன்றுவிட்டேன் என்று உன்னிடமே எப்படிச் சொல்வது? நர்சரிக்குப் போய், ஏறக்குறைய அதே மாதிரி இருந்த ஒரு காசித்தும்பைக் கன்றை வாங்கிவந்து அந்த இடுக்கில் செருகினேன்.

நீ வந்தாய். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். "மலையை மறந்துட்டு ஜம்முனு வளந்திருக்கேடி!"

"எல்லாம் கவனிப்புதான்" என்றேன். முகம் சிவந்திருக்க வேண்டும். நீயோ காப்பியை ரசித்துக் குடித்தாய்.

அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் என் கைராசியைப் பற்றிப் பேசினாய். ஒவ்வொரு தடவையும் காப்பி போடுகிற சாக்கில் நான் உள்ளே போய்விடுவேன்.

ஆடியில் ஒரு நல்ல மழை. மறுநாள் காலை பார்க்கிறேன், காசித்தும்பைக்குப் பக்கத்தில் கல்லைத் தள்ளிக்கொண்டு ஓர் உருண்டை இலை! உன் செடி சாகவில்லை. சந்தோஷப்படுவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. போலியைப் பிடுங்கக் குனிந்தபோது பின்னால் உன் குரல்.

"என்னடி இது, ரெட்டைப் பிள்ளையா பெத்திருக்கு?"

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாய். "வேர்ப்பக்கம் கறுப்புக் கவர் ஓரம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எந்த மலையிலடி செடி பிளாஸ்டிக் கவரோட முளைக்குது?"

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"அறுபது வருஷமாக் காத்திருந்தேன், நீ ஒரு தப்புப் பண்ணிட்டு முழிக்கறதைப் பாக்க. ஒரே நாள்ல முடிச்சுடுவேனா?"

சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. தலையில் தட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெயில் காலத்துல கிழங்கு தூங்கும், தண்ணி ஊத்தக்கூடாதுன்னு மலையில ஒரு அம்மா சொன்னாங்க. உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். என் தப்பு" என்றாய். எனக்கு நான்கு மாதம் வாயில் வராத அந்த இரண்டு சொல்லை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாய்! செத்துவிட்டது என்று நான் மூன்று வேளைத் தண்ணீரை நிறுத்தி, காசித்தும்பைக்கு மட்டும் ஒரு கை தெளித்ததால்தான் அது பிழைத்திருக்கிறது.

போன மாதம் உன் மகள் சாப்பிட வந்திருந்தாள். சாம்பாரை வாயில் வைத்ததும் அவள் முகம் மாறியது. முன்பு என்றால் உப்பின் மேல், பருப்பின் மேல், பேச்சுக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியின் மேல் பழியைப் போட்டிருப்பேன்.

"ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன்மா. என் தப்பு."

அவள் கையை இலையிலேயே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க, அம்மாவுக்காகக் கேட்டுக்கறேன்."

இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது.