ஜமீலின் பச்சை இறைச்சி விருந்து

சிட்னி, 1975

என் வீட்டுக் குசினி அதிகாரியான மனைவிக்கு,

நான் கோப்பை கழுவும் சாப்பாட்டுக் கடையின் லெபனான் சமையற்காரர் ஜமீல், பேப்பரில் பேர் வரப் பத்து வருடம் காத்திருந்தவர். போன கிழமை, கடைச் சாப்பாட்டைப் பற்றி எழுதும் பேப்பர்க்காரர் சாப்பிட வந்தார். அவருக்கென்று ஜமீல் ஆட்டிறைச்சியைப் பச்சையாகவே அரைத்து வைத்தார். அதுதான் அவர்கள் ஊர் விருந்தாம். எனக்கென்ன தெரியும்? மனிதர் அவசரத்தில் அடுப்பை மறந்துவிட்டார் என்று நினைத்து, நீ செய்கிற மாதிரி வெங்காயம் மிளகாய் போட்டுப் பொரித்து அனுப்பிவிட்டேன்.

"என்ர பத்து வருசத்தையும் பொரிச்சுப் போட்டாய்" என்று ஜமீல் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

பேப்பர்க்காரரோ இரண்டாம் தரமும் கேட்டார். மறுநாள் ஜமீலின் படம் பேப்பரில்.

இப்போது எல்லோருக்கும் அதுதான் வேண்டும். நான் மறுபடி பொரித்தால் கரிகிறது.

"அளவு என்ன?" என்றார் ஜமீல்.

"அது என்ர மனுசிக்குத்தான் தெரியும்" என்றேன்.

உன்னை இங்கே கூப்பிட ஜமீல் விசாப் பாரம் நிரப்புகிறார். தயவுசெய்து அளவை மட்டும் எழுதி அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
வீட்டில் சுடுதண்ணீர்கூட வைக்காதவன்