இளநீலப் போர்வை

அன்புத் தம்பிக்கு,

எங்கள் மருத்துவமனை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க முடிவு ஒன்று, நீ விமானம் ஏறிய அன்று காலையில் எடுக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் போர்வைகள் இனி வெள்ளையல்ல, இளநீலம். நிர்வாகக் குழு எழுந்து நின்று கைதட்டியது.

போர்வையைப் படம் எடுக்க, அதற்குள் நோயாளியும் வேண்டுமாம். இதய அறுவைக்குப் பிறகு அம்மாவுக்கு ஏறிக்கொண்டிருந்த மயக்க மருந்தை அன்று காலை நிறுத்தி எழுப்புவதாக இருந்தது. நான் கைவைக்கப் போனதும் தலைமை மருத்துவர் தடுத்தார்.

"இருங்க சிஸ்டர். முழிச்சா இருமுவாங்க, கையக் கால உதறுவாங்க. படம் நல்லாவா வரும்?"

"என் தம்பி சாயங்காலம் கிளம்புறான் சார். அம்மா கண்ணத் தொறந்து ஒரு தடவ பாத்தா போதும்னு நிக்கிறான்."

"அடுத்த லீவுக்கு வரப்போறாரு. அம்மா எங்க ஓடிடப் போறாங்க?"

உன்னிடம் வந்து, உடம்பு அசதி, அதனால்தான் தூக்கம் என்றாரே, அந்த வாய் கூசவில்லை. படக்காரர் வர மாலையாயிற்று. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் முன், மருத்துவர் என்னிடம் சீப்பு கேட்டுத் தன் தலையை வாரிக்கொண்டார்.

மருந்தை மறுநாள் நிறுத்தினோம். அம்மா கண்ணைத் திறந்து, உன்னைத் தேடினாள்.

உன் அக்கா